தங்கச்சி பூட்டிய இரண்டு காத்தாடிகள்

கார் பாலத்தடியில் கொதித்து நின்றபோது, பின் இருக்கையில் கிடந்த மனிதர் கண்ணிமைகளைத் திறந்து வைத்திருக்கப் போராடிக்கொண்டிருந்தார். சுனாமிக்கு அடுத்த வருடம், அறுவடைக் காலம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு வயல் வட்டைக்குள் நெல் அறுத்துக்கொண்டு நின்றவரைப் புடையன் பாம்பு கடித்திருந்தது. அந்தப் பக்கம் வாடகைக்கு ஹயர் ஒன்று போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த என்னை மறித்து ஏற்றினார்கள். வயல் பாதையில் கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பாலத்தடியில் ஆமியின் சோதனைச்சாவடி. எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. அவசரம் என்று சொன்னால் முன்னே விடுவார்கள்; சொல்வதற்கு இறங்கிப் போன அவருடைய உறவினர் திரும்பி வருவதற்குள் காரின் முன்மூடியான பொனற்றின் இடுக்குகளால் ஆவி வரத் தொடங்கிவிட்டது. பிறகு ஒரு சீறல். எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் முழுவதும் றோட்டில் ஓடியது. நான் ஸ்டியறிங்கைப் பிடித்தபடி இருந்தேன். பின்னால் இருந்த அவருடைய மனைவி ஒரு வார்த்தையும் என்னைக் குறை சொல்லவில்லை. "இனி என்ன செய்யிற மகன்?" என்று மட்டும் கேட்டார். 

கடைசியில் வரிசையில் பின்னால் நின்ற உழவு இயந்திரத்தின் பெட்டியில் அவரை ஏற்றி அனுப்பினோம். உயிர் தப்பியது. ஆனால் விஷம் ஏறாமல் காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டு இருக்க வேண்டிய நேரத்தைவிட அதிகம் இருந்துவிட்டது. இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நான் ஆசுபத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வீட்டு வாசலில் நின்ற காரை உதைத்தேன். தங்கச்சி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கார என்னத்துக்கு உதைக்கிறீங்க?" என்று கேட்டாள். "அது தனக்குத் தெரிஞ்சதத்தான் செய்யுது."

என் தங்கச்சியைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருக்கிறேன். என்னைவிட ஏழு வயது இளையவள். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்தவள். அவளுடைய வகுப்பில் அவளைத் தவிரப் பெண்கள் யாரும் இல்லை. முதல் நாள் போய்விட்டு வந்து, "எல்லாரும் என்னைப் பார்த்தாங்க, நான் மோட்டரப் பார்த்தன்" என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது. படிப்பு முடிந்த பிறகு வேலைக்கு விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் அவளுடைய சான்றிதழைப் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் தட்டச்சு வேலை இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார்கள். அவள் போகவில்லை. கடலோரக் கல்லடியில் எங்கள் வீட்டின் முன் அறையில் ஒரு மேசையைப் போட்டு, வானொலிகளும் தண்ணீர் இறைக்கும் மோட்டர்களும் மின்விசிறிகளும் திருத்தத் தொடங்கினாள். பேச்சுக் குறைவு. ஒரு பொருளைக் கொண்டு வருகிறவர் அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லும்போது, நாடி பிடிக்கும் வைத்தியரைப் போலத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். "கடைசியா எப்ப நல்லா ஓடின?" என்பதுதான் எப்போதும் அவளுடைய முதல் கேள்வி.

கடல் வந்த அன்று நான் நகரத்தில் இருந்தேன். என் மனைவியும் பிள்ளைகளும் நாவற்குடாவில் மாமியார் வீட்டில் இருந்தார்கள். கல்லடி வீட்டில் அம்மாவும் தங்கச்சியும் மட்டும். தங்கச்சி ஒரு மரத்தில் தங்கினாள். அம்மா தங்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது. எழுத வேண்டியதும் இல்லை, அந்தக் கரையில் இருந்த எல்லாருக்கும் அப்படி ஒரு வரி இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு தங்கச்சி செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். திருத்துவதற்காக அவளிடம் கொடுக்கப்பட்டிருந்த பொருட்கள் எல்லாம் முன் அறையோடு போய்விட்டன. அம்மாவின் முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்ததும் அவள் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, அந்தப் பொருட்களின் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனாள். முகாம்களில், உறவினர் வீடுகளில், பள்ளிக்கூடக் கட்டடங்களில். "உங்கட ரேடியோ என்னட்ட இருந்தது. கடல் கொண்டு போயிற்று. சொல்லத்தான் வந்தன்" என்பாள். வீடே போனவர்களிடம் போய் வானொலி போனதைச் சொல்கிறாளே என்று எனக்கு அப்போது விசராக, பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஒரு மனிதர், வீட்டில் மூன்று பேரை இழந்தவர், அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். என்னுடைய பொருளை இன்னும் ஞாபகம் வைத்திருக்க ஒரு ஆள் இருக்கிறதே புள்ள என்றாராம்.

என் கார் ஒரு பழைய டட்சன். அன்று கல்லடி வீட்டில் நின்ற அதைக் கடல் இரண்டு ஒழுங்கை தள்ளிக் கொண்டுபோய் ஒரு மதிலில் மூக்குக் குத்த நிறுத்தியிருந்தது. எஞ்சினுக்குள் மணல், இருக்கைக்குள் மணல், விளக்குக் கண்ணாடிக்குள் ஒரு சின்ன நண்டு. பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்று எல்லாரும் சொன்னார்கள். எஞ்சினை நானும் ஒரு மெக்கானிக் பாஸும் கழற்றிக் கழுவினோம். மின் சாமான்கள் முழுவதையும் தங்கச்சி எடுத்துக்கொண்டாள். நாங்கள் ஒதுங்கியிருந்த நாவற்குடா வீட்டு முற்றத்தில் பன்பாயை விரித்து, ஒவ்வொன்றையும் நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி, அப்பளம் காய வைப்பது போல வெயிலில் காய வைத்தாள். இரண்டு மாதத்தில் கார் ஓடியது. கொதிப்பு மட்டும் போகவில்லை. தண்ணீரை ஆற வைக்கும் ரேடியேற்றரின் குழாய்களில் பாதியை உப்பும் மணலும் அடைத்துவிட்டன. எஞ்சினோடு சுழலும் காத்தாடியின் இரண்டு இலைகள் உடைந்து, அதற்குப் பதிலாக வேறொரு வாகனத்தின் சிறிய காத்தாடியைப் போட்டிருந்தோம். காரில் இருந்த சூடு காட்டும் மீற்றர் உப்பில் செத்துவிட்டது. ஆகவே கார் எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று எனக்கு ஒருபோதும் தெரியாது. ஆவி வரும்போதுதான் தெரியும்.

காரை நான் உதைத்த அன்று பின்னேரம் தங்கச்சி பொனற்றைத் திறந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எனக்குச் சொன்னாள்: "ஓடக்குள்ள முன்னால காத்து அடிக்குது, கொதிக்கிறல்ல. நிக்கக்குள்ளதான் கொதிக்குது. நிக்கக்குள்ள எஞ்சின் மெதுவாச் சுத்துது, அதோட காத்தாடியும் மெதுவாச் சுத்துது. காத்துக் கூடுதலா வேணுமெண்டிற நேரத்திலதான் அது குறைவாத் தருகுது." இதைவிட எளிதாக யாரும் எனக்கு அதை விளக்கியதில்லை. எஞ்சினை நம்பியிராத காத்தாடி வேண்டும், பற்றரியில் ஓடுகிற காத்தாடி, தானே சூட்டை அறிந்து ஓடவும் நிற்கவும் வேண்டும் என்றாள். புதுக் கார்களில் அப்படித்தான் இருக்கிறதாம். நான் புதுக் கார் ஓட்டியதில்லை. சரி என்றேன்.

ஏறாவூரில் ஒரு முஸ்லிம் காக்கா பழைய வாகனங்களை வாங்கி உடைத்து விற்றுக்கொண்டிருந்தார். சுனாமிக்குப் பிறகு அவருடைய வளவு கடல் அள்ளிய வாகனங்களால் நிறைந்திருந்தது. தங்கச்சி அந்தக் குவியலுக்குள் ஏறி இறங்கி ஒரு வான் வண்டியின் இரண்டு காத்தாடிகளைத் தேர்ந்தெடுத்தாள். "அது தண்ணி குடிச்ச மோட்டர் புள்ள, உங்களுக்கு நல்லதாப் பார்த்து எடுத்துத் தாறன்" என்றார் காக்கா. "எல்லாம் தண்ணி குடிச்சதுதானே காக்கா. இது ரெண்டும் கொஞ்சமாக் குடிச்சது" என்றாள். அவர் சிரித்துவிட்டார். பிறகு அவளோடு சேர்ந்து அவரும் தேடினார். இன்னொரு வாகனத்தின் சூடு மீற்றர், அதற்குரிய, சூட்டை உணரும் முனை, காத்தாடியை ஓட வைக்கும் வெப்பச் சுவிட்ச், மின்னோட்டத்தைத் திறந்து விடும் இரண்டு ரிலே. எல்லாம் ஒரு சீமெந்துப் பைக்குள் அடங்கியது. போகும்போது காக்கா என்னைத் தனியே அழைத்து, "தம்பி, இந்தச் சாமானெல்லாம் கொண்டு போகக்குள்ள பார்த்துப் போங்க. காலம் சரியில்ல" என்றார். வயர், ரிலே, சுவிட்ச், பற்றரி. இந்தச் சொற்கள் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வேறொரு பொருளிலும், குண்டுகளைப் பற்றியும், பேசப்பட்டன. அவர் சொன்னது எனக்கு விளங்கியது.

வேலை நான்கு நாட்கள் நடந்தது. ரேடியேற்றருக்குப் பின்னால் இரண்டு காத்தாடிகளையும் அருகருகே வைக்க இரும்புப் பட்டியில் ஒரு சட்டம் செய்தாள். பற்றரியிலிருந்து தடித்த வயர் ஒன்று பியூஸ் வழியாக ரிலேக்குப் போனது, ரிலேயிலிருந்து காத்தாடிக்கு. வெப்பச் சுவிட்சுக்கு மெல்லிய வயர். "பாரத்தத் தூக்கிறது தடிச்சவன். எப்ப தூக்கிற எண்டு சொல்றது மெல்லியவன்" என்றாள். ரேடியேற்றருக்குப் போகும் ரப்பர்க் குழாயை வெட்டி, நடுவில் பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து, அதில் அந்தச் சுவிட்சை முறுக்கினாள். முதல் தரம் ஓட விட்டபோது காத்தாடிகள் நன்றாகச் சுழன்றன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் பத்திரிகைத் தாள் ஒன்றை எடுத்து ரேடியேற்றரின் முன்னால் பிடித்தாள். தாள் பறந்து என் முகத்தில் அடித்தது. "மறுபக்கமாச் சுத்துது" என்றாள். காற்றை உள்ளே இழுக்க வேண்டியது வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு வயர்களையும் மாற்றிக் கொடுத்தாள். இந்தத் தரம் தாள் ரேடியேற்றரில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. கையை எடுத்தாள், விழவில்லை. அப்போதுதான் சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

மீற்றர்தான் கடினமாக இருந்தது. முள் ஒரு வாகனத்துடையது, எஞ்சினில் பூட்டும் முனை இன்னொன்றுடையது. ஒன்று சொல்வது மற்றதற்குச் சரியாக விளங்கவில்லை. தங்கச்சி மீற்றரைக் கழற்றிக்கொண்டு குசினிக்குப் போனாள். பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து ஒரு வெப்பமானியை இரவல் வாங்கி வந்திருந்தாள். என் மனைவியின் சோற்றுப் பானையில் தண்ணீரை வைத்து, அந்த முனையை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கார்ப் பற்றரியைக் குசினிக்குள்ளேயே தூக்கி வரச் சொன்னாள். தண்ணீர் சூடேறச் சூடேற, வெப்பமானியைப் பார்ப்பதும் முள்ளைப் பார்ப்பதுமாக இருந்தாள். மீற்றரில் அச்சடித்திருந்த கோடுகளை நம்பக் கூடாது என்று என் மகளின் நகப்பூச்சால் கண்ணாடியில் தானே கோடு போட்டாள். காத்தாடி ஓட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. காரை நிறுத்தி இறங்க வேண்டிய இடத்தில் ஒரு தடித்த சிவப்புக் கோடு. "இதுக்கு மேல முள்ளுப் போனா, ஆர் உள்ளுக்க இருந்தாலும் நிப்பாட்டுங்க" என்றாள். மனைவி அன்று பிந்தித்தான் உலை வைத்தாள். குறை சொல்லவில்லை; அந்த முள் ஏறுவதைப் பார்க்க அவளும் அடுப்படியில் குந்தியிருந்தாள்.

வயர்களை உள்ளே மறைத்து விடு என்று நான் சொன்னேன். தங்கச்சி மறுத்தாள். "ஒளிச்சு வைச்சா ஒளிச்சது எண்டுதான் நினைப்பாங்கள். வெளியால கிடக்கட்டும். பார்க்கிற ஆளுக்கு ஒவ்வொண்டும் எங்க இருந்து எங்க போகுது எண்டு தெரியோணும்." ஆகவே எல்லாம் பொனற்றின் ஓரமாக, நிறம் பிரித்து, அடிக்கொரு கட்டுப் போட்டு, பின்னிய தலைமுடி போல ஓடியது. அதோடு நிற்காமல், கொப்பித் தாளில் ஒரு படமும் வரைந்தாள். பற்றரி, பியூஸ், ரிலே, சுவிட்ச், காத்தாடி எல்லாவற்றுக்கும் தமிழிலும் தனக்குத் தெரிந்த சிங்களத்திலும் பெயர் எழுதினாள். அடியில், கல்லூரியில் பழகிய வழக்கப்படி, தன் முழுப்பெயரையும் எழுதியிருந்தாள். அந்த மூலையை மட்டும் நான் கிழித்துவிட்டேன். அவள் பார்த்தாள்.  மின் வேலை நன்றாகத் தெரிந்த ஒரு ஆள் இந்த வீட்டில் இருக்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பதில் நான் குறியாக இருந்தேன். அந்தக் கைத்திறன் போரில் எந்தப் பக்கத்தாருக்கும் வேண்டியதாக இருந்த காலம் அது. எனக்கு மிச்சம் இருந்தது ஒரு தங்கச்சிதான்.

அதன் பிறகு கார் ஒரு தரமும் கொதிக்கவில்லை. வரிசையில் அரை மணி நேரம் நின்றாலும் முள் அந்தப் புள்ளிக்கு வரும், முன்னால் டக் என்று ஒரு சத்தம் கேட்கும், காத்தாடிகள் சுழலும், முள் இறங்கும். கர்ப்பிணிகளையும் காய்ச்சல்காரரையும் வயோதிபரையும் அந்த வரிசையில் நிம்மதியாக வைத்துக்கொண்டு இருந்தேன். சோதனைச்சாவடியில் இருந்த ஆமிக்காரரும் பழகிவிட்டார்கள். நல்ல காத்தாடி, யார் செய்தது என்று கேட்பார்கள். "டவுனில ஒரு பாஸ்" என்பேன். மற்ற ஹயர்க்காரரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்களுக்கும் அதே பதில்.

ஒரு நாள் காலை, விரல்களை இழந்த அந்த வெள்ளாமைக்காரரை ஆசுபத்திரி கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு வந்தேன். இனி என்னைத் தவிர வேறு காரில் ஏறமாட்டேன் என்று சொல்லியிருந்தார்; அது என் மேல் வைத்த கருணை. பாலத்தடியில் அன்று எல்லாம் புது முகங்கள். அதற்கு முந்திய கிழமை எங்கோ ஒரு வாகனம் வெடித்ததாகச் செய்தி வந்திருந்தது. என்னை இறங்கச் சொன்னார்கள். எஞ்சினை நிறுத்திக் கார்ச் சாவியான திறப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு இளம் ஆமிக்காரர் பொனற்றைத் தூக்கி உள்ளே குனிந்தார். எஞ்சின் நின்ற பிறகு சூடு கொஞ்சம் ஏறும் என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். அதற்காகவே திறப்பு இல்லாமலும் காத்தாடி ஓடும்படி வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ரிலே டக் என்றது. அவருடைய முகத்துக்கு முன்னால் இரண்டு காத்தாடிகளும் தாமாகச் சுழலத் தொடங்கின.

அவர் பின்னால் விழுந்தார். யாரோ கத்தினார்கள். வரிசையில் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். நான் றோட்டில் முகம் குப்புறக் கிடந்தேன். என் முதுகில் ஒரு சப்பாத்துக் கால் இருந்தது. பக்கத்தில் அந்த வெள்ளாமைக்காரரும் கிடந்தார், கட்டுப் போட்ட காலை ஒரு பக்கமாக வைத்தபடி. எதுவும் வெடிக்கவில்லை. காத்தாடிகள் தம் வேலையை முடித்து நின்றன. ஆனால் அதன் பிறகு யாரும் பொனற்றின் அருகில் போகவில்லை. இளம் அதிகாரி ஒருவர் வந்து என்னிடம் உடைந்த தமிழில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். யார் இதைச் செய்தது? டவுனில ஒரு பாஸ். பெயர் என்ன? தெரியாது. கடை எங்கே? கடை இல்லை. டாஷ்போட்டில் இருந்த, தங்கச்சி வரைந்த வயர்ப் படத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கொண்டு வந்தார்கள். கிழிந்த மூலையை அவர் விரலால் தொட்டு, இங்கே என்ன இருந்தது என்று கேட்டார்.  நான் செய்தவற்றிலேயே கெட்டது அந்த மூலையைக் கிழித்ததுதான் என்று அப்போது விளங்கியது. மணல் மூட்டைக்குப் பக்கத்தில் வெயிலில் என்னை முழங்காலில் இருத்தினார்கள். வெள்ளாமைக்காரரைப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. "இந்தப் பொடியன் வராம நான் போகமாட்டன்" என்று நிலத்தில் இருந்துவிட்டார்.

வரிசையில் நின்ற ஒருவர் சைக்கிளில் போய் நாவற்குடாவில் சொல்லியிருக்கிறார். மத்தியானம் கழிய, பாலத்தின் மேல் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைக் கண்டேன். தங்கச்சி. போ, போ என்று சைகை காட்டினேன். அவள் சைக்கிளைப் பாலத்தில் சாய்த்துவிட்டு, இரண்டு வெறுங்கைகளையும் எல்லாரும் காணும்படி விரித்துக்கொண்டு நடந்து வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. அதிகாரிக்கு முன்னால் போய் நின்று, கல்லூரியில் பழகிய சிங்களத்தில், "மம தமய் ஹெதுவே" என்றாள். நான்தான் செய்தேன். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் அவளைப் பார்த்தார். ஒரு பெண் சொல்லும் பொய்யா இது என்று யோசிக்கிறார் என்று எனக்கு விளங்கியது. அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். "உங்கட கேத்தல்ல சுடுதண்ணி இருக்கா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் முழங்காலில் இருந்தபடி பார்த்தேன். அவளை முதலில் ஒரு பெண் காவலர் சோதித்தார். பிறகு தனியே காருக்குப் போகவிட்டார்கள். மற்ற எல்லாரும் மூட்டைகளுக்குப் பின்னால். பொனற்றுக்குள் குனிந்து வெப்பச் சுவிட்சைக் கழற்றினாள், தண்ணீர் வழிந்தது. திரும்பி, அந்தக் கீழே விழுந்த இளம் ஆமிக்காரரைக் கையால் அழைத்தாள். அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையாட்டினார். ஆமிக்காரர் வந்ததும், வழிந்த ஓட்டையில் பெருவிரலை வைக்கச் சொன்னாள். அவரும் வைத்தார். அடுப்பிலிருந்து கேத்தலைக் கொண்டு வந்தார்கள். ஒரு தேநீர்க் கோப்பையில் கொதிநீரை ஊற்றி, வயரோடு தொங்கிய சுவிட்சை அதற்குள் விட்டாள்.  டக். காத்தாடிகள் சுழன்றன. சுவிட்சை எடுத்துச் சூடில்லாத பச்சைத் தண்ணீருக்குள் விட்டாள். சிறிது நேரத்தில் நின்றன. மறுபடி சுடுதண்ணீர். மறுபடி சுழன்றன. மூன்றாம் தரம் அதிகாரியே வந்து தன் கையால் அந்தச் சுவிட்சைக் கோப்பைக்குள் விட்டார். காத்தாடி ஓடியபோது அவருடைய முகத்தில் ஒரு சிறு பிள்ளையின் சிரிப்பு வந்து, உடனே மறைந்தது. அவள் படத்தை விரித்து ஒவ்வொரு வயரையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பற்றரி. பியூஸ். ரிலே. அதிகாரி ஒவ்வொன்றையும் அவளுக்குப் பின்னால் சொன்னார். ஓட்டையில் பெருவிரலை வைத்திருந்தவர் எடுக்க மறந்து, அப்படியே நின்றார்.

எனக்கு முழங்கால் எரிந்தது, நாக்கு வறண்டிருந்தது, பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த வெயிலில், அத்தனை துவக்குகளுக்கு நடுவில், நான் பெருமையில் நிமிர்ந்துவிட்டேன். என் பக்கத்தில் இருந்த வெள்ளாமைக்காரர், "ஆர் அது, மகன்?" என்று கேட்டார். "என்ட தங்கச்சி" என்றேன். காத்தாடி செய்த ஆள் இன்னார் என்று அன்றுதான் முதல் தரமாக ஒருவரிடம் சொன்னேன்.

விட்டுவிட்டார்கள். ஆனால் போகுமுன் அதிகாரி அவளுடைய பெயரையும் முகவரியையும் கேட்டு, தன் சிறிய புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அவள் எழுத்துக் கூட்டிச் சொன்னாள். வெள்ளாமைக்காரரை ஆசுபத்திரியில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: "ஏன் அண்ணன் நான்தான் எண்டு சொல்லல்ல?" உன்னைக் காப்பாற்றத்தான் என்றேன். வாவியைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் களவு செய்யல்லையே. செய்த வேலைக்கு ஆள் இல்லையெண்டாத்தான் அது களவு மாதிரித் தெரியும்."  அவள் சொன்னது சரி. என் பயமும் சரியாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் இரண்டும் ஒன்றாகச் சரியாக இருந்தன.

இரண்டு கிழமைக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்தது. ஒரு பக்கத்தார் வாசலில் வாகனத்தை நிறுத்தி, ஆமி முகாமில் சில இயந்திரங்கள் பழுதாகக் கிடக்கின்றன, வந்து பார்க்க முடியுமா என்று மரியாதையாகவே கேட்டார்கள். மற்றப் பக்கமான இயக்கத்திலிருந்து ஒருவர் மீன் விற்பவரைப் போல வந்து, வாவிக்கு அக்கரையில் உங்களைப் போன்றவருக்கு வேலை இருக்கிறது என்றார். அவரும் மரியாதையாகவே பேசினார். தங்கச்சி இரண்டு பேரையும் கதிரையில் இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, ஒரே பதிலைத்தான் சொன்னாள். "நான் வீட்டு மோட்டரும் கார்க் காத்தாடியும்தான் திருத்துவன். அத இஞ்ச கொண்டு வந்தா செய்து தருவன்."  நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த நாளே அவளைத் தேற்றாத்தீவில் எங்கள் உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். அங்கே மூன்று வருடங்களுக்கு மேல் இருந்தாள். தோட்டக்காரரின் தண்ணீர் மோட்டர்களைத் திருத்திக் கொடுத்தாள். யார் திருத்தினார்கள் என்று கேட்டால் உறவினர் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். பொனற்றைத் திறந்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் அசைத்துப் பார்ப்பாள். கார் எப்படி ஓடுகிறது என்று கேட்பாள். நல்லா ஓடுது என்பேன். 

போர் முடிந்தது. முடிந்த விதத்தைப் பற்றி எங்கள் ஊரில் உரத்துப் பேசாமல் இருந்தோம். மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது, ஓய்ச்சல் என்று சொல்லலாம். இப்போது அந்தப் பாலத்தடியில் மணல் மூட்டை இருந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். பிள்ளைகள் பாலத்தின் மேல் நின்று படம் எடுக்கிறார்கள். அங்கே ஒரு காலத்தில் மனிதர் முழங்காலில் இருந்தார்கள் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டுமா, விட வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தங்கச்சி நாவற்குடாவுக்குத் திரும்பி வந்த இரண்டாம் மாதம், வீட்டு முன் வளவில் தகரக் கொட்டில் ஒன்று போட்டாள். வாகன மின்வேலை. ஒரு காலைப்பொழுதில், பூச்சு மணம் போகாத பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடியில் வேலைகளின் பட்டியல். மேலே, பட்டியலின் எழுத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக, அவளுடைய முழுப்பெயர். தகப்பன் பெயரோடு, ஒரு எழுத்தும் குறையாமல். றோட்டில் போகிற வருகிற எல்லாருக்கும் தெரியும்படி. பழைய பயத்தில் நான் றோட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்தேன்.

"பேர் போடத்தான் வேணுமா புள்ள?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணன்" என்றாள்.  வாய்க்குள் இரண்டு ஆணிகளை வைத்திருந்தாள்.

நான் ஏணியைப் பிடித்தேன். அவள் ஏறி அடித்தாள். முடிந்ததும், நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். நான் றோட்டைக் கடந்து மறுபக்கம் போய் நின்று பார்த்தேன். பலகை நேராகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் அங்கேயே நின்று, அந்தப் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, அவளுக்குக் கேட்கும்படி உரத்து வாசித்தேன்.